ஆடியில் பில், ஆவணியில் கிரைண்டர்

கலையரசியின் கிரைண்டர் நின்றுபோனது ஒரு சனிக்கிழமை மதியம். மாவு விற்கிறவளுக்கு மற்ற எந்த நாள் மிஷின் நின்றாலும் எப்படியாவது சமாளித்துவிடலாம். சனிக்கிழமை நின்றால் முடியாது. ஞாயிறு காலையில் திண்டிவனத்தில் பாதி வீட்டு அடுப்பில் இட்லிப் பானைதான் ஏறும். மரக்காணம் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற மாதா கோயில் தெருவில் அவள் ஒருத்திதான் மாவு போடுகிறாள். வார நாட்களில் ஐந்து கிலோ அரிசி, சனிக்கிழமை எட்டுக் கிலோ.

உளுந்தை வழித்து எடுத்துவிட்டு அரிசியைப் போட்டு ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். கல் முனகியது, நின்றது. வார்னிஷ் கருகிய வாசனை வந்தது. சுவிட்சை அணைத்துத் திரும்பப் போட்டாள். உம்மென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு பாஞ்சாலி சம்படத்தோடு வந்து நின்றாள். அவளுக்கு ஞானஸ்நானப் பெயர் வேறு உண்டு, ஆனால் தெருவில் பாஞ்சாலிதான்.

“இன்னாடி, கல்லு சத்தமே காணோம்?”

“கல்லு செத்துப்போச்சுக்கா.”

“ஐயய்யோ. நாளைக்கு எங்க வூட்டு ஆளுக்கு நான் இன்னா போடுவேன்?”

“உப்புமா போடு.”

“உப்புமா போட்டா அவரு என்னையப் போட்ருவாரு.”

சொல்லிவிட்டுப் போய் தன் வீட்டுச் சின்ன டேபிள் டாப் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள் பாஞ்சாலி. அதில் இரண்டு கிலோவுக்கு மேல் தாங்கவில்லை. வாசலுக்கு வந்த முக்கால்வாசிப் பேரை கலையரசி திருப்பி அனுப்பினாள்.

மறுநாள் மெக்கானிக் தேவா வந்தான். செல்போன் லைட்டை அடித்துக் கிரைண்டரின் அடிப்பக்கம் படுத்துப் பார்த்தான்.

“மோட்டாரு வைண்டிங் எரிஞ்சிருக்குது அக்கா. ஆனா மோட்டாரு மேல தப்பில்ல. மேல ஷாஃப்ட்ல தண்ணி எறங்காம ஒரு சீலு போட்டிருப்பான், அது உக்கார்ற எடமே கோணலு. மொத நாள்ல இருந்து சொட்டு சொட்டா தண்ணி எறங்கிக்கினே இருந்திருக்குது. தோ பாரு, துரு.”

“சரி பண்ண முடியுமா?”

“வைண்டிங் கட்டித் தருவேன். ஆறு மாசத்துல திரும்ப எரியும். வாரண்டி இருக்குதா இல்லியா, அத்த மொதல்ல பாரு. இருந்தா நான் ஒரு ஸ்க்ரூ கூட கழட்ட மாட்டேன். வெளியாளு கை வச்சிட்டான்னு கம்பெனிக்காரன் கைய விரிச்சிடுவான்.”

வாரண்டி இருக்கிறது என்றுதான் கலையரசி நம்பியிருந்தாள். கிரைண்டர் வந்து இறங்கியது போன ஆவணியில். இப்போது நடப்பது ஆடி. வருஷம் இன்னும் திரும்பவில்லையே.

திங்கட்கிழமை பஜாரில் வாங்கின கடைக்குப் போனாள். கடைக்காரர் சீனுவாசன் நல்ல மனிதர், யாரையும் உட்கார வைத்துத்தான் பேசுவார். கார்டையும் பில்லையும் வாங்கிப் பார்த்தார்.

“பில்லு தேதி ஜூலை பதினெட்டும்மா. இந்த ஜூலை பதினேழோட முடிஞ்சிபோச்சு. மிஷினு நின்னது ஆகஸ்டு ரெண்டு. பதினாறு நாளு தாண்டிட்டியேம்மா.”

“எனக்கு வண்டியில வந்து எறங்கினதே ஆகஸ்டு இருபத்தொண்ணுங்க.”

“கார்டுல இன்னா போட்டிருக்குது, நீயே படி. பில் தேதியிலிருந்து பன்னிரண்டு மாதம். இத்த நான் எழுதலம்மா, கோயம்புத்தூர் கம்பெனிக்காரன் எழுதினது.”

“உங்க கிட்ட ஸ்டாக்கு இல்லாம லேட்டா குடுத்ததுக்கு என் வாரண்டியில கழிச்சிக்குவீங்களா?”

ஸ்டாக் என்ற சொல்லைக் கேட்டு சீனுவாசன் லேசாக நெற்றியைச் சுருக்கினார். ஆனால் ஒரு நாளைக்கு நாற்பது பில் போடுகிறவருக்குப் போன வருஷத்து டெலிவரி எங்கே ஞாபகம் இருக்கும்? “காசு கட்டினா சர்வீஸ் ஆளை அனுப்பச் சொல்றேன்” என்று மட்டும் சொன்னார்.

போன வருஷம் ஆடித் தள்ளுபடியில் கலையரசியும் அவள் வீட்டுக்காரர் சவுரிராயனும் சேர்ந்து போய்த்தான் அந்தப் பத்து லிட்டர் சாய்க்கிற கிரைண்டரை வாங்கினார்கள். பில் போட்டானதும் அவள் குழந்தைக்குச் செருப்பு வாங்க எதிர்க்கடைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது சவுரிராயன், “ஸ்டாக்கு இல்லியாம். கோயம்புத்தூர்ல இருந்து வரணுமாம், அடுத்த மாசம் அனுப்புறாங்களாம்” என்றார். அவளும் காத்திருந்தாள்.

சவுரிராயன் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிறவர். அந்தத் தெருச் சிற்றாலயத்துக்கு அவர்தான் உபதேசியார். பங்குச் சாமியார் மாதம் ஒரு தடவைதான் வருவார், மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துவது இவர். நல்ல நேரம், ராகுகாலம், சகுனம் என்று யாராவது வாயைத் திறந்தால் விடமாட்டார். ‘ஆண்டவர் படைச்ச நாள்ல கெட்ட நாளு எது, காட்டு பாக்கலாம்’ என்பார். பாஞ்சாலி ஆடி என்பதற்காகப் புது வீட்டில் பால் காய்ச்சுவதைத் தள்ளி வைத்தபோது, ஜெபக்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவளை எழுந்து நிற்க வைத்துக் கேட்டவர் அவர்.

கலையரசி நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தாள். புகாரைப் பதிந்துகொண்டார்கள். கம்பெனியிலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது: வாரண்டி முடிந்தது, கட்டணச் சேவை பெறலாம். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடை ரோஜாவிடம் போனாள். ரோஜா இந்த மாதிரி மனுக்களை நிறைய அடித்துக் கொடுத்தவள்.

“விழுப்புரம் நுகர்வோர் ஆணையத்துல போடலாம்க்கா. அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா பீஸ் கெடையாது. வக்கீலும் வாணாம், நீயே பேசலாம். இன்னா நடந்துச்சோ அத்த அப்படியே சொல்லு, நான் அடிக்கிறேன்.”

“தொழிலுக்கு வாங்கினது, கேஸு நிக்காதுன்றாரே மளிகைக் கடைக்காரரு?”

“ஆளு வச்சி பேக்டரி நடத்தினா நிக்காது. நீயே அரைச்சி நீயே வித்துப் பொழைக்கிற. அதுக்கு எடம் இருக்குது.”

இருபத்தாறு வரிகள் வந்தன. அதில் ஒன்பதாவது வரி: ‘கடையில் இருப்பு இல்லாத காரணத்தால் முப்பத்து நான்கு நாள் தாமதமாக எனக்கு வழங்கப்பட்டது.’

அன்று மாலை மனுவை சவுரிராயனிடம் படிக்கக் கொடுத்தாள். அவர் மெதுவாகப் படித்தார். ஒன்பதாவது வரியில் நின்றார்.

“இந்த வரி எதுக்கு? எடுத்துடேன்.”

“அதானே விசயமே.”

“இல்ல... பெருசா போயிக்கினு இருக்குது. சும்மா மிஷினு கெட்டுப்போச்சுன்னு மட்டும் போடலாமே.”

“நீங்க மல்லாட்டைய மட்டும் எடை போடுங்க” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

செப்டம்பரில் மனு போனது. வாய்தா மேல் வாய்தாவாக மார்கழி வந்துவிட்டது. அதுவரைக்கும் கிரைண்டர் மூலையில் கோணி போர்த்திக்கொண்டு நின்றது. பாஞ்சாலியின் சின்ன கிரைண்டரில் தினமும் இரண்டு கிலோதான் அரைத்தாள். ஓடிக் களைத்து அது சூடாகும், ஆறவிட வேண்டும். வாசலுக்கு வருகிற முப்பது வீடு பதினைந்தாகி, எட்டானது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் பாக்கெட் மாவு வந்திருந்தது. ஜனங்கள் அதற்குப் பழகிக்கொண்டிருந்தார்கள். இன்னும் இரண்டு மாதம் இப்படியே போனால் கிரைண்டர் ஓடினாலும் மாவு வாங்க ஆள் இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் கடைக்காரர் தரப்பு பதில் மனு தபாலில் வந்தது. கூடவே கடையின் டெலிவரி நோட்டுப் பக்கம் ஒன்று ஜெராக்ஸ் எடுத்து இணைத்திருந்தார்கள். கலையரசி வாசற்படியில் உட்கார்ந்து படித்தாள்.

‘10 லி. டில்டிங். ரெடி ஸ்டாக். ஆடி கழித்து, ஆவணி முதல் புதன் அனுப்பவும். பார்ட்டி சொன்னது.’ கீழே சவுரிராயன் என்று கையெழுத்து. கையெழுத்துக்கு மேல் சின்னதாக ஒரு சிலுவை. அவர் எதை எழுதினாலும் சிலுவை போட்டுவிட்டுத்தான் எழுதுவார்.

மனுதாரர் பொய்யான தகவலோடு ஆணையத்தை அணுகியிருக்கிறார், ஆகவே மனுவைச் செலவுத்தொகையுடன் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று பதில் மனு முடிந்திருந்தது.

சவுரிராயன் மண்டியிலிருந்து வந்து கால் கழுவும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

“இது யாரு கையெழுத்து?”

பார்த்தார். “என்னுதுதான்.”

“ஆடி கழிச்சு அனுப்புன்னு யாரு சொன்னது?”

“நான்தான்.”

“ஸ்டாக்கு இல்லன்னீங்களே?”

“சொன்னேன்.”

“பாஞ்சாலி அக்காவ நிக்க வச்சிக் கேட்டீங்க, காது அறுந்துபோற மாதிரி. அது நடந்து ஒரு வாரம் கூட ஆவல, நீங்க போயி கடையில ஆடி பாத்துட்டு வந்திருக்கீங்க.”

சவுரிராயன் துண்டால் முகத்தை ரொம்ப நேரம் துடைத்தார்.

“நீ மொதோ மொதோ ஆரம்பிக்கிற தொழிலு. அதுக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதேன்னு தோணிச்சு. வாயில ஒண்ணு வந்துச்சு, கையி ஒண்ணு எழுதிச்சு. நான் இன்னா பண்றது.”

கலையரசிக்குச் சிரிப்பு வருவது போல இருந்தது, வரவில்லை. ஒன்றும் ஆகக்கூடாது என்று தள்ளி வைத்த அந்த முப்பத்து நான்கு நாளால்தான் வாரண்டி பதினாறு நாளில் தவறிப்போயிருக்கிறது.

“கேஸ வாபஸ் வாங்கிடலாம் கலை. வைண்டிங்குக்கு நான் பார்த்துக்கறேன்.”

“ஆறு மாசத்துல திரும்ப எரியும். அப்புறம்? அதுக்கப்புறம்? எட்டு வூடுதான் இருக்குது இப்போ. நீங்க வந்து நடந்தத சொல்லுங்க. நான் எழுதினது தப்பு, அத்த நான் ஒத்துக்கறேன். நீங்க சொன்னத நீங்க ஒத்துக்கங்க.”

“விழுப்புரத்துல நின்னுக்கினு ஆடி பாத்தேன்னு சொல்லச் சொல்றியா?”

“பாத்தீங்கல்ல?”

துண்டைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ஆனால் வாய்தா அன்று காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் நின்றார். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். மயிலத்தில் ஏறின ஒரு கிழவர் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டு வந்தார்.

ஆணையத்தின் ஹாலில் அன்றைக்கு முப்பது பேர் இருந்தார்கள். மேலே தலைவரும் ஒரு அம்மா உறுப்பினரும். பெயரைக் கூப்பிட்டதும் கலையரசி எழுந்து, யாரும் எதுவும் கேட்கும் முன்பே சொன்னாள்:

“ஐயா, என் மனுவில ஒன்பதாவது வரி தப்புங்க. எனக்குத் தெரியாம எழுதிட்டேன். எங்க வூட்டுக்காரரு வந்திருக்காரு, அவரு சொல்லுவாரு.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “சொல்லுங்க.”

சவுரிராயன் எழுந்தார். ஜெபம் நடத்துகிற குரல் அவருக்கு அன்று வரவில்லை. “ஸ்டாக்கு இருந்திச்சுங்க. ஆடியில புதுப் பொருளு வூட்டுக்கு வாணாம்னு நான்தான் ஆவணியில அனுப்பச் சொன்னேன். வூட்டுல ஸ்டாக்கு இல்லன்னு சொல்லிட்டேன்.”

கடைத்தரப்பு வக்கீல் அவர் சட்டைக்கு வெளியே தொங்கின சிலுவையைப் பார்த்தார். “நீங்க கிறிஸ்டியன்தானே?”

“ஆமாங்க. உபதேசியாரு.”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது ஹால் முழுக்கப் பரவியது. சவுரிராயன் காது சிவந்து நின்றார். கலையரசி அவரைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவரே ஒத்துக்கறார் மேடம்” என்றார் வக்கீல். “தாமதம் வாடிக்கையாளர் கேட்டது. கடை பேர்ல என்ன தப்பு?”

அங்கே சீனுவாசன் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் தன் கடை ஜனங்களை ஏமாற்றுகிற கடை இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும் போல அவருக்கு இருந்தது. எழுந்துவிட்டார்.

“அம்மா, நாங்க கஸ்டமருக்கு எவ்ளோ அனுசரிச்சிப் போறோம்னு சொல்றேன். இவரு ஒருத்தரு இல்ல. ஆடியில பில்லு போடறதுல பாதிப் பேரு ஆவணியிலதான் எடுப்பாங்க. நாங்களே சொல்லுவோம், ரேட்டு இப்ப கம்மி, பில்லு போட்டுக்கங்க, பொருளு குடோன்லயே பத்திரமா இருக்கட்டும், நல்ல நாள்ல எடுத்துக்கங்கன்னு. அதுக்கு வாடகை கூட வாங்கறதில்லீங்க.”

வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். நேரம் கடந்துவிட்டது.

அம்மா உறுப்பினர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். “நீங்களே சொல்லுவீங்களா?”

“ஆமாம்மா. வருசா வருசம்.”

“வாரண்டி அன்னைக்கே ஓட ஆரம்பிச்சிடும்னும் சொல்லுவீங்களா?”

சீனுவாசன் யோசித்தார். “அது... கார்டுல இருக்குதுங்களே.”

“கார்டு எங்கே இருக்கும்?”

“பெட்டிக்குள்ள.”

“பெட்டி எங்கே இருக்கும்?”

“குடோன்ல...”

இந்த முறை சிரித்தது தலைவர். “அப்போ உங்க கடையில ஆடியில வாங்கறவங்கள்ல பாதிப் பேருக்கு வருஷத்துக்குப் பதினோரு மாசம்தான். அப்படித்தானே?”

வக்கீல் கொஞ்ச நேரம் கேட்டுக் கட்சிக்காரரை வெளியே கூட்டிப் போனார். பிறகு கம்பெனிக்குப் போன் போனது. போன வருஷம் ஆடியில் போட்ட மற்ற பில்களைப் பற்றிப் பேச்சு வளர்வதைக் கடையும் விரும்பவில்லை, கம்பெனியும் விரும்பவில்லை என்று தோன்றியது. ஒரு மணி நேரத்தில் சமரசமாக எழுதிக்கொண்டார்கள். மோட்டாரும் ஷாஃப்டும் சீலும் இலவசமாகப் புதிது, வாரண்டி அவற்றைப் பொருத்துகிற நாளிலிருந்து. வியாபாரம் போனதற்கு கலையரசி கேட்ட தொகை கிடைக்கவில்லை. அதை வேண்டுமென்றால் வழக்கை நடத்திச் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும் என்றார்கள், இன்னும் பல மாதம் ஆகும். அவளுக்கு மிஷின் வேண்டும். கையெழுத்துப் போட்டாள்.

“இனிமே படிச்சுப் பார்த்து, விசாரிச்சு மனு எழுதணும்மா” என்றார் தலைவர்.

“சரிங்கய்யா. வூட்டுலயே விசாரிக்கணும்னு இப்பதான் தெரிஞ்சுதுங்க.”

வெளியே வந்ததும் சீனுவாசன் அருகே வந்தார். கோபமாக இல்லை, குழம்பிப்போயிருந்தார். “நான் நல்லதுதானேம்மா சொன்னேன்?”

“நல்லதுதாங்க சொன்னீங்க” என்றாள் கலையரசி. அது உண்மை.

பத்து நாளில் ஆள் வந்து புது மோட்டாரைப் பொருத்திவிட்டுப் போனான். ஆனால் விழுப்புரத்துச் செய்தி அதற்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டிருந்தது. சவுரிராயன் அந்த ஞாயிறு ஜெபத்தை எப்போதையும் விடச் சீக்கிரம் முடித்தார். ஆடியும் ஆவணியும் அவர் வாயில் வரவில்லை. மண்டியில் மூட்டை தூக்குகிறவன் கூட, “உபதேசியாரே, இந்த மூட்டைய இப்ப தூக்கலாமா, எமகண்டம் கழிச்சா?” என்று கேட்டானாம். அதை அவரே வந்து சொல்லவில்லை, பாஞ்சாலி சொன்னாள்.

முதல் நாள் கலையரசி பழைய கணக்கில் எட்டுக் கிலோ போடத் துணியவில்லை. நான்கு கிலோ போட்டாள். கல் நன்றாகச் சுற்றியது. சொட்டுத் தண்ணீர் கீழே வருகிறதா என்று மூன்று தடவை குனிந்து பார்த்தாள், வரவில்லை. மாலை ஐந்து மணிக்கு அரைக் கிலோ பாக்கெட்டுகளாகக் கட்டி வாசலில் வைத்தாள். ஆறு மணி ஆகியும் வந்தது பழைய எட்டு வீடுதான். பாக்கி இருந்த பாக்கெட்டுகளை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாளைக்குள் புளித்துவிடும்.

சவுரிராயன் மண்டியிலிருந்து வந்தார். சைக்கிளை நிறுத்தினார், திரும்ப எடுத்தார். ஒன்றும் கேட்காமல் பாக்கெட்டுகளைக் கூடையில் அடுக்கிப் பின்னால் கட்டினார்.

“எங்க எடுத்துக்கினு போறீங்க?”

“தெருவுக்குத்தான். மிஷினு ஓடுதுன்னு யாருக்குத் தெரியும்?”

“எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க.”

“பண்ணட்டும். பண்ணிட்டு வாங்கட்டும்.”

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். கலையரசி வாசலில் நின்றே பார்த்தாள். மூன்றாவது வீட்டில் பாஞ்சாலியின் நாத்தனார் வெளியே வந்தாள். பஸ் ஸ்டாண்டு பாக்கெட் மாவுக்கு மாறிப்போனவர்களில் அவளும் ஒருத்தி.

“இன்னா உபதேசியாரே, இன்னிக்கு நாளு எப்படி? மாவு வாங்கலாமா?”

தெருவில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். சவுரிராயன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார்.

“ரொம்ப நல்ல நாளு. ரெண்டா எடுத்துக்க.”

அவள் சிரித்துக்கொண்டே இரண்டு எடுத்தாள். அடுத்த வீட்டுக்காரி, “எனக்கும் பஞ்சாங்கம் பாத்துச் சொல்லுங்க” என்று கத்தினாள். “பாத்துட்டேன், ஜல்தி வா, தீந்துடும்” என்றார் அவர். தெருக்கோடி திரும்புகிறவரை அவர்கள் சிரிப்பு கேட்டது.

ஏழேகாலுக்குத் திரும்பி வந்தார். கூடையில் ஒரே ஒரு பாக்கெட் இருந்தது. அதை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“கடைசி வூட்டுல ஆளில்ல” என்றார். “நாளைக்கு எத்தினி கிலோ?”

“அஞ்சு போடறேன்” என்றாள் கலையரசி. போய் அரிசியை அளந்தாள்.